டியூப் ஆம்பிலிருந்து டிஜிட்டல் மாடலருக்கு மாறுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிட்டார் வாசிக்கிற நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், ஜாம் ரூமில் பழக்கமானவர்கள் என்று பலரும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். முதலில் அடிப்படை, போகப்போகச் சிக்கலானவை. புதிதாக வருகிறவர்கள் வரிசையாகப் படியுங்கள், பின்னால் வருகிற பதில்கள் பலவும் முன்னால் சொன்னதை வைத்துத்தான் ஓடும்.

ஆம்ப் மாடலிங்னா என்ன ப்ரோ? மல்டி எஃபெக்ட்ஸும் அதுவும் ஒண்ணா?

ஒரு டியூப் ஆம்புக்குள் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் பழைய பாணிப் பெருக்கி) போகும் கிட்டார் சிக்னலுக்கு என்னவெல்லாம் நடக்கிறதோ, அதைக் கணக்காக மாற்றி ஒரு சிப்பில் ஓட்டுவதுதான் மாடலிங். அதைச் செய்யும் பெட்டி மாடலர். ப்ரீஆம்ப் (முதல் கட்டப் பெருக்கி) டியூப் சிக்னலை எந்த இடத்தில் நசுக்குகிறது, பேஸ் குமிழைத் திருகினால் மிட் எப்படி மாறுகிறது, ஓங்கி அடிக்கும்போது உள்ளே வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது, கடைசியில் ஸ்பீக்கரும் மைக்கும் என்ன செய்கின்றன, எல்லாம் இதில் அடக்கம். மல்டி எஃபெக்ட்ஸ் என்பது டிலே, கோரஸ், ரிவெர்ப் மாதிரியானவை. இப்போது இரண்டும் ஒரே பெட்டியில் வருவதால்தான் குழப்பம்.

இது நேற்று வந்த விஷயம் இல்லை. ரோலண்ட் விஜி-8 1995ல், லைன் 6 பாட் 1998ல், ஃப்ராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 2006ல், கெம்பர் 2011ல், ஹீலிக்ஸ் 2015ல், குவாட் கார்டெக்ஸ் 2021ல் வந்தன. பழைய பாட் ஒன்றை வாசித்துவிட்டு "டிஜிட்டல் நமக்கு ஒத்து வராது" என்று அன்றைக்கே முடிவு கட்டியவர்கள் இப்போது ஒருமுறை மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும், நடுவில் சிப்பின் வேகம் எங்கேயோ போய்விட்டது.

என் டியூப் ஆம்ப் நல்லாத்தான் ஓடுது. நான் எதுக்கு மாறணும்?

மாறவே வேண்டாம். நன்றாக ஓடுகிற ஆம்ப், அதைத் தூக்க ஆள், சத்தமாக வைக்க இடம், ரிப்பேர் பார்க்கத் தெரிந்த மெக்கானிக், இந்த நான்கும் உங்களிடம் இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

மற்றவர்கள் மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் டோன் இல்லை. ஒரு ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் கிட்டத்தட்ட 29 கிலோ. அதே ஃபெண்டர் 2019ல் கொண்டுவந்த டோன் மாஸ்டர் ட்வின், உள்ளே டிஜிட்டல், எடை சுமார் 15 கிலோ. மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லாத வீட்டில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் போதும். அடுத்தது சத்தம். ட்வின் 85 வாட், மார்ஷல் ப்ளெக்ஸி 100 வாட். அவற்றின் நல்ல டோன் வால்யூமை ஏற்றினால்தான் வரும், நம் அப்பார்ட்மென்ட்டில் அது நடக்காது. மூன்றாவது டியூப். இன்றைக்கு கிட்டார் ஆம்ப் டியூப்கள் முக்கியமாக ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவிலிருந்துதான் வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதித் தடை போட்டபோது உலகம் முழுக்க டியூப் கிடைக்குமா கிடைக்காதா என்று பதற்றமாகி விலையும் ஏறியது. இங்கே சாதாரண நாளிலேயே பொருந்திப் போகிற நான்கு 6எல்6 டியூப் சேர்த்து வாங்க அலைய வேண்டும்.

மாடலர் ஒண்ணு வாங்கினா போதுமா, வேற என்ன வாங்கணும்?

போதாது. இதைச் சொல்லாமல் கடையில் விற்றுவிடுகிறார்கள். ஆம்ப் என்றால் அதற்குள் ஸ்பீக்கர் இருக்கும், அல்லது கேபினெட் என்கிற ஸ்பீக்கர் பெட்டி தனியாக இருக்கும். தனிப் பெட்டியாக வரும் மாடலரில் ஸ்பீக்கர் கிடையாது. வீட்டில் மட்டும் வாசித்தால் நல்ல ஹெட்ஃபோன் அல்லது ஒரு ஜோடி ஸ்டுடியோ மானிட்டர். மேடையில் பி.ஏ.வும் (கூட்டத்துக்குக் கேட்கிற பெரிய ஸ்பீக்கர் அமைப்பு) மானிட்டரும் ஒழுங்காக இருந்தால் நேராக அதற்குள் போகலாம். மேடையை நம்ப முடியாது என்றால் எஃப்.ஆர்.எஃப்.ஆர். என்று சொல்கிற, எந்த நிறமும் சேர்க்காமல் கொடுத்ததை அப்படியே வெளியே விடும் ஸ்பீக்கர் ஒன்று வேண்டும். இல்லையென்றால் ஒரு பவர் ஆம்பும் உங்கள் பழைய கிட்டார் கேபினெட்டும்.

பட்ஜெட் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள். விலை உயர்ந்த மாடலரை மட்டமான ஸ்பீக்கரில் கேட்பதைவிட, நடுத்தர மாடலரை நல்ல ஸ்பீக்கரில் கேட்பது எல்லா விதத்திலும் மேல்.

ஐ.ஆர். ஐ.ஆர்.னு சொல்றாங்களே, அது என்ன?

இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். ஒரு கேபினெட்டுக்குள் ஒரு சோதனை ஒலியை அனுப்பி, முன்னால் வைத்த மைக்கில் பதிவாகி வருவதிலிருந்து அந்த ஸ்பீக்கரும் பெட்டியும் மைக்கும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதை எடுத்து வைக்கிற சிறிய ஆடியோ ஃபைல். மிகச் சிறியது, பெரும்பாலும் 2048 சாம்பிள். 48 கிலோஹெர்ட்ஸில் 43 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் டோனில் பாதி அதில்தான் இருக்கிறது. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக இறங்கிவிடும். அந்த வடிகட்டல் இல்லாமல் டிஸ்டார்ஷனைக் கேட்டால் தேனீக் கூட்டம் மாதிரி இரையும். "மாடலர்ல ஒரே ஃபிஸ்" என்று புகார் சொன்னவர்களில் பலர் கேப் பிளாக்கை (மாடலருக்குள் கேபினெட்டின் வேலையை ஐ.ஆர். மூலம் செய்யும் பகுதி) ஆஃப் பண்ணி வைத்திருந்தார்கள்.

ஆம்ப் மாடலை மாற்றி மாற்றித் தேடுவதற்கு முன்னால் ஐ.ஆரை மாற்றிப் பாருங்கள். கிரீன்பேக் ஸ்பீக்கருக்கும் விண்டேஜ் 30க்கும் உள்ள வித்தியாசம், இரண்டு வேறு ஆம்புக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாகக் கேட்கும். செலஸ்டியன் நிறுவனமே தன் ஸ்பீக்கர்களின் ஐ.ஆரை விற்கிறது. நல்லதாக இரண்டு மூன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை மூடி வையுங்கள், இல்லையென்றால் வாசிக்கிற நேரம் எல்லாம் ஃபைல் தேடுவதிலேயே போய்விடும்.

மாடல், கேப்ச்சர், ப்ரொஃபைல்... இதெல்லாம் ஒண்ணுதானா? எது ஒரிஜினல் மாதிரி இருக்கும்?

ஒன்றில்லை. ஹீலிக்ஸ், ஃப்ராக்டல் போன்றவை ஆம்பின் சர்க்யூட்டையே பாகம் பாகமாகக் கணக்கிடுகின்றன. அதனால் கெயின் (டிஸ்டார்ஷன் அளவைக் கூட்டும் குமிழ்), பேஸ், ப்ரெசென்ஸ் எதைத் திருகினாலும் நிஜ ஆம்ப் போலவே நடந்துகொள்ளும். கெம்பர் செய்வது வேறு. ஒரு குறிப்பிட்ட ஆம்ப், குமிழ்கள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது எப்படி ஒலிக்கிறதோ அந்த நிலையைப் பிடித்து வைக்கிறது. இதைத்தான் ப்ரொஃபைல் அல்லது கேப்ச்சர் என்கிறார்கள். குவாட் கார்டெக்ஸ், டோன்எக்ஸ், இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலர் ஆகியவையும் இதே வேலையை நரம்பு வலைப்பின்னல் மூலம் செய்கின்றன.

பிடித்த அந்த ஒரு நிலையில் கேப்ச்சரை மிஞ்சுவது கஷ்டம். ஆனால் கெயினை அங்கிருந்து ரொம்ப தூரம் நகர்த்தினால் நிஜ ஆம்ப் மாதிரி இருக்காது, ஏனென்றால் அந்த இடத்தை அது பார்த்ததே இல்லை. ஒரே டோனை வருஷக்கணக்கில் வாசிக்கிறவருக்குக் கேப்ச்சர். பாட்டுக்குப் பாட்டு குமிழைத் திருகுகிறவருக்கு சர்க்யூட் மாடல். இரண்டையும் ஒரே பெட்டியில் தருகிற கருவிகளும் இருக்கின்றன.

எல்லாம் சரி, ஆனா என் ஆம்ப் முன்னாடி நின்னா நெஞ்சுல அடிக்குமே, அந்த ஃபீல் வரவே இல்லையே!

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான், மாறியவர்கள் திரும்பிப் போவதும் பெரும்பாலும் இதனால்தான். நீங்கள் ஒப்பிடுவது எதோடு எதை என்று முதலில் பாருங்கள். அறையில் உங்கள் ஆம்ப் ஒலிப்பது ஒன்று. அதே ஆம்புக்கு முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்து ஸ்பீக்கரில் கேட்பது முற்றிலும் வேறொன்று. மாடலர் தருவது இந்த இரண்டாவது ஒலி. உலகத்தில் நீங்கள் கேட்டு வளர்ந்த கிட்டத்தட்ட எல்லா ரெக்கார்டிங்கிலும் கிட்டார் அப்படித்தான் ஒலிக்கிறது. அறையில் நின்று கேட்டுப் பழகிய காதுக்கு மட்டும் அது அந்நியம்.

12 இன்ச் கிட்டார் ஸ்பீக்கர் ட்ரெபிளை நேர் முன்னால் மட்டும் பீய்ச்சும், பக்கவாட்டில் அது குறையும். ஆம்ப் தரையில், உங்கள் காது அதற்கு ஐந்தடி மேலே, அதனால் கூர்மையான பகுதி எல்லாம் உங்கள் முட்டிக்குப் போய்விடுகிறது, உங்களுக்கு வந்து சேர்வது இதமான பகுதி. ஐ.ஆர். எடுக்கும் மைக்கோ ஸ்பீக்கரை ஒட்டி, நேர் முன்னால் இருக்கிறது. போதாததற்கு, ஆம்பின் பின்பக்கம் திறந்திருந்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும், தரை அதிர்வும் சேரும். இதில் எதுவும் டியூபின் மாயம் கிடையாது. நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் டியூப் ஆம்புக்கே மைக் வைத்து, அடுத்த அறையில் உட்கார்ந்து மானிட்டரில் கேளுங்கள். அப்போதும் நெஞ்சில் அடிக்காது.

அந்த உணர்வு உங்களுக்கு முக்கியம் என்றால் (எனக்கும் ஒரு காலத்தில் அதுதான் முக்கியமாக இருந்தது) மாடலரைக் கிட்டார் கேபினெட்டில் வாசியுங்கள், எப்படி என்பது அடுத்த பதிலில். ஒப்பிடும்போது சத்தத்தையும் சமமாக வையுங்கள். ஆம்ப் உச்சத்திலும் மாடலர் டிவி அளவிலும் இருந்தால் ஆம்புதான் ஜெயிக்கும், அந்தத் தீர்ப்புக்கு அர்த்தம் இல்லை.

வீட்ல பழைய 4x12 கேப் ஒண்ணு கிடக்கு. மாடலரை அதுல போடலாமா?

தாராளமாக (4x12 என்றால் நான்கு 12 இன்ச் ஸ்பீக்கர் உள்ள கேபினெட்), நடுவில் ஒரு பவர் ஆம்ப் வேண்டும். சிறிய கிளாஸ் டி பவர் ஆம்ப்கள் பெடல் போர்டிலேயே உட்கார்ந்துவிடும். வாங்கும்போது வாட் எந்த ஓமுக்குச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். 4 ஓமில் 170 வாட் என்று போட்டிருந்தால் 16 ஓம் கேபினெட்டில் அவ்வளவு வராது.

மாடலரில் கேப் பிளாக்கை மட்டும் ஆஃப் பண்ணுங்கள், நிஜ ஸ்பீக்கர் இருக்கிறதே. பவர் ஆம்ப் மாடலை ஆனிலேயே விடுங்கள், ஏனென்றால் கிளாஸ் டி பவர் ஆம்ப் தன் பங்குக்கு டோன் எதுவும் சேர்க்காது. பி.ஏ.வுக்கும் அனுப்ப வேண்டுமானால் சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒன்று ஐ.ஆர். இல்லாமல் கேபினெட்டுக்கு, மற்றது ஐ.ஆரோடு எக்ஸ்எல்ஆர் (மைக்குக்குப் போடும் மூன்று பின் கேபிள்) வழியாக மிக்ஸருக்கு. இந்த ஒரு ஏற்பாட்டிலேயே பலருக்கு மன நிம்மதி வந்துவிடுகிறது.

ஜாம் ரூம்ல ஒரு காம்போ ஆம்ப் இருக்கு. மாடலரை அதோட இன்புட்ல குத்தலாம்ல?

குத்தினால் ஆம்புக்குள் ஆம்ப், ப்ரீஆம்புக்குமேல் ப்ரீஆம்ப், சேறு மாதிரி ஆகும். பின்னால் எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே பெடல் செருகும் இடம்) இருந்தால் அதன் ரிட்டர்னில் செருகுங்கள். அப்போது அந்த ஆம்ப் பவர் ஆம்பாகவும் ஸ்பீக்கராகவும் மட்டும் வேலை செய்யும். கேப் பிளாக் ஆஃப், மேலே சொன்ன அதே காரணம். லூப் இல்லையென்றால் ஆம்பை க்ளீனாக வைத்து, மாடலரில் ஆம்ப் மாடல், கேப் இரண்டையும் அணைத்துவிட்டு, டிரைவ் பெடலும் டிலேயும் மட்டும் பயன்படுத்துங்கள்.

வீட்ல செட் பண்ண டோன் சொர்க்கம் மாதிரி இருந்துச்சு. மேடையில காதைக் கிழிக்குது, கீழே ஒரே பூம். பெட்டி பழுதா?

பெட்டியில் பழுதே இல்லை, காது அப்படித்தான் வேலை செய்யும். மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு பேஸும் உச்ச ட்ரெபிளும் குறைவாகக் கேட்கும், சத்தம் ஏற ஏற அவை மேலே வரும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். ராத்திரி மெதுவாக வைத்து டோன் செய்யும்போது, குறைவாகக் கேட்கிற பேஸையும் ட்ரெபிளையும் நீங்களே ஏற்றி வைத்திருப்பீர்கள். மேடைச் சத்தத்தில் அது இரட்டிப்பாகத் தெரியும். கூடவே மிட்டை வெட்டியிருந்தால் டிரம்ஸும் பேஸும் வந்ததும் கிட்டார் காணாமல் போய்விடும்.

மேடை டோனை மேடைச் சத்தத்தில்தான் செய்ய வேண்டும். ஜாம் ரூமில் அரை மணி நேரம் தனியாகக் கேட்டு வாங்கி, முழுச் சத்தத்தில், முடிந்தால் டிரம்மரோடு செட் பண்ணுங்கள். அது முடியாதவர்கள் கடைசியில் ஒரு ஈக்யூ பிளாக் போட்டு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும், 6 அல்லது 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டி, மிட்டைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். தனியாகக் கேட்டால் மந்தமாகத் தோன்றும், பேண்டுக்குள் வைத்துக் கேளுங்கள்.

லேட்டன்சி இருக்குன்னு சொல்றாங்க. விரலுக்கும் சத்தத்துக்கும் இடைவெளி தெரியுமா?

பெட்டி வடிவில் வரும் மாடலர்களில் பொதுவாக சில மில்லிசெகண்ட்தான். காற்றில் ஒலி ஒரு மீட்டர் போக 3 மில்லிசெகண்ட் எடுக்கும், ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசித்தபோது நீங்கள் 9 மில்லிசெகண்ட் தாமதத்தில்தான் வாசித்தீர்கள், அப்போது உங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் இந்தத் தாமதங்கள் கூடிக்கொண்டே போகும். டிஜிட்டல் வயர்லெஸ், மாடலர், அதன் லூப்பில் வெளி பெடல், டிஜிட்டல் மிக்ஸர், வயர்லெஸ் இன்-இயர் (காதுக்குள் போடும் மேடை மானிட்டர்) என்று எல்லாம் சேர்ந்தால் வேகமான ரிதம் வாசிக்கிறவருக்குத் தட்டுப்படும். அப்போது முதலில் கிட்டார் வயர்லெஸைக் கழற்றிக் கேபிள் போட்டுப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் ப்ளக்இன் வாசிக்கிறவர்களுக்கு இது வேறு கதை. பஃபரை (கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் சேர்த்து எடுக்கும் ஒலித் துண்டின் அளவு) 64 அல்லது 128 சாம்பிளில் வையுங்கள். விண்டோஸ் என்றால் உங்கள் இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) நிறுவனமே தரும் ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போடுங்கள். பொதுவான டிரைவரில் தாமதம் வந்துவிட்டு மாடலிங்கைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

டியூப் ஆம்ப்ல கிட்டார் வால்யூமைக் குறைச்சா அழகா க்ளீன் ஆகும். இதுல ஆகமாட்டேங்குது, ஏன்?

நல்ல மாடலரில் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் முதலில் இன்புட்டைப் பாருங்கள். பேஸிவ் பிக்கப்புக்கு 1 மெகா ஓம் அளவு இன்புட் வேண்டும். இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் பட்டனை அமுக்காமல் லைன் இன்புட்டில் குத்தியிருந்தால் டோன் செத்தே போகும். அடுத்தது லெவல். ப்ளக்இன்கள் ஒரு குறிப்பிட்ட அளவு சிக்னல் வரும் என்று நம்பிச் செய்யப்பட்டவை. இன்டர்ஃபேஸ் கெயினை ஏற்றி வைத்தால் க்ளீன் மாடல்கூட எப்போதும் க்ரஞ்சாகவே இருக்கும், அப்புறம் வால்யூமைக் குறைத்துப் பயன் இல்லை.

மூன்றாவது, கெயின் பழக்கம். ஹெட்ஃபோனில் தனியாக வாசிக்கும்போது எல்லோரும் தேவைக்கு மேல் கெயின் வைப்பார்கள். நிஜ ஆம்பில் நீங்கள் வைத்த இடத்துக்கே மாடலில் குமிழை வையுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் பழைய டியூப் ரெக்டிஃபையர் ஆம்பின் அந்த அமுங்கி எழும் உணர்வு வரவில்லை என்றால், நீங்கள் கேப்ச்சர் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். வோல்டேஜ் இறங்கி மெதுவாகத் திரும்பும் அந்த நடத்தையைப் பிடிப்பதில் கேப்ச்சர்கள் தடுமாறலாம். சர்க்யூட் மாடலில் அதற்கென்றே சேக் (sag) என்று ஒரு குமிழ் பெரும்பாலும் இருக்கும்.

ஃபஸ் பெடல் மாடலருக்கு முன்னாடி வெச்சா மோசமா கேட்குது. பெடல் எல்லாத்தையும் வித்துடலாமா?

விற்காதீர்கள். ஃபஸ் என்பது சிக்னலைக் கடுமையாக நசுக்கும் டிஸ்டார்ஷன் பெடல். ஃபஸ் ஃபேஸ் மாதிரி பழைய சர்க்யூட்டுகள் கிட்டார் பிக்கப்போடு நேரடியாகப் பேச வேண்டும். முன்னால் பஃபர் (சிக்னலை வலுப்படுத்தி அனுப்பும் சர்க்யூட், கம்ப்யூட்டர் பஃபர் இல்லை) உள்ள வயர்லெஸ், ட்யூனர் எதுவும் இருக்கக் கூடாது, மாடலரின் லூப்பிலும் போடக் கூடாது, கிட்டார் முடிந்ததும் முதலில் ஃபஸ், அதற்குப் பிறகு மாடலர். டிலே, ரிவெர்ப் போன்றவற்றை விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, உள்ளே இருப்பவை போதும்.

இன்-இயர் போட்டு வாசிக்கிறேன். ஃபீட்பேக் வெச்சு நோட்டை நீட்ட முடியலையே?

முடியாது. அந்த ஃபீட்பேக் என்பது ஸ்பீக்கரின் ஒலி கிட்டார் தந்தியைத் திரும்ப அதிர வைப்பது, டியூபா டிஜிட்டலா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அறையில் ஸ்பீக்கர் இல்லை என்றால் தந்தியை அதிர வைக்க யாரும் இல்லை. காலடியில் ஒரு மானிட்டரை வைத்து அதில் உங்கள் கிட்டாரை மட்டும் கேளுங்கள், அதன் பக்கம் திரும்பி நின்றால் கிடைக்கும். இல்லையென்றால் ஃப்ரீக்அவுட் மாதிரி ஃபீட்பேக்கைச் செயற்கையாக உருவாக்கும் பெடல்.

சவுண்ட் இன்ஜினியர் "ஆம்ப் எங்க?"னு கேட்கிறார். அவர்கிட்ட என்ன சொல்றது?

எக்ஸ்எல்ஆரில் வருகிறேன், கேப் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, மைக் வேண்டாம் என்று சொல்லுங்கள். மைக் லெவலா லைன் லெவலா என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அந்தச் சேனலில் 48 வோல்ட் ஃபாண்டம் பவரை (சில மைக்குகளுக்கு மிக்ஸர் கேபிள் வழியே அனுப்பும் மின்சாரம்) அணைக்கச் சொல்லுங்கள். இரைச்சல் வந்தால் மாடலரிலோ டிஐ பெட்டியிலோ (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டுங்கள். எர்த் பின்னை ஒடித்துவிட்டு ஓட்டும் பழக்கம் சில மேடைகளில் இருக்கிறது, உயிருக்கே ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பி.ஏ. மோனோ என்றால் உங்கள் ஸ்டீரியோ கோரஸும் டிலேயும் அங்கே விசித்திரமாகக் கேட்கலாம், மோனோ பேட்ச் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

ஜெனரேட்டர் மேடையில கரண்ட் ஏறி இறங்குது. எது தாங்கும்?

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் டியூப் ஆம்புக்கு நம் 230 வோல்ட்டில் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும், வோல்டேஜ் ஏறினால் அதற்குள்ளும் எல்லாம் சேர்ந்து ஏறும். பெரும்பாலான மாடலர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும், டோனும் மாறாது. ஆனால் கரண்ட் ஒரு நொடி போனாலும் மாடலர் முதலிலிருந்து பூட் ஆகும், பாட்டுக்கு நடுவில் அது ரொம்ப நீண்ட நேரம். வெளி மேடைக்குப் போகிறவர்கள் சின்ன யுபிஎஸ் ஒன்று எடுத்துப் போங்கள்.

பத்து வருஷத்துல இது குப்பைக்குப் போயிடும், டியூப் ஆம்ப் பேரனுக்கும் வரும்னு அப்பா சொல்றார். உண்மையா?

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1965ல் செய்த ஆம்பை இன்றும் திறந்து, கெப்பாசிட்டர் மாற்றி ஓட்ட முடியும். மாடலரில் மெயின் போர்டு போனால் உள்ளூர் மெக்கானிக் ஒன்றும் செய்ய முடியாது. விற்பனை விலையும் புது மாடல் வந்ததும் இறங்கும். இதை முதலீடாக நினைக்காதீர்கள். ஆனால் புது மாடல் வந்த நாளிலேயே பழையது மோசமாக ஒலிக்கத் தொடங்காது. 2015ல் வந்த ஹீலிக்ஸுக்கு 2024லும் இலவசமாகப் புதிய ஆம்ப் மாடல்கள் வந்தன. மெட்டாலிகா பேண்ட் 2013 டிசம்பரில் அன்டார்டிகாவில் வாசித்தபோது ரசிகர்கள் ஹெட்ஃபோனில்தான் கேட்டார்கள். பெரிய மேடைகளில் அவர்கள் ஃப்ராக்டலுக்கு மாறியதும் அந்தக் காலகட்டத்தில்தான், அன்றைய பெட்டிகள் இன்றும் நன்றாகவே ஒலிக்கின்றன.

அப்ப டியூப் ஆம்பை வித்துட்டு மாடலர் வாங்கலாமா?

இரண்டையும் கொஞ்ச காலம் வைத்திருக்க முடிந்தால் விற்காதீர்கள். மாடலரோடு ஜாம் ரூம், மேடை, ரெக்கார்டிங் மூன்றையும் பார்த்த பிறகு முடிவெடுங்கள், முதல் வாரக் காதை நம்பவே கூடாது. பணத்துக்காக விற்றே ஆக வேண்டும் என்றால், விற்பதற்கு முன்னால் உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று குமிழ் நிலைகளில் அதைக் கேப்ச்சர் எடுத்து வையுங்கள். நியூரல் ஆம்ப் மாடலருக்கு ஓர் இன்டர்ஃபேஸும், சில நிமிடச் சோதனை ஒலியும் போதும், மென்பொருள் இலவசம். கேபினெட் இல்லாமல் ஆம்பை மட்டும் பிடிக்க வேண்டுமானால் ரியாக்டிவ் லோட் பாக்ஸ் (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சக்தியைத் தாங்கும் பெட்டி) ஒன்றை இரவல் வாங்குங்கள். ஸ்பீக்கரோ லோடோ இல்லாமல் டியூப் ஆம்பை ஆன் பண்ணி வாசித்தால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடலாம். உள்ளே திறந்து பார்க்கவும் வேண்டாம், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.